இரண்டாவது பேட்டரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

பழைய வேன் ஒன்றை வாங்கி உள்ளே தங்கிக்கொள்ளும்படி அமைத்துக்கொண்டேன் என்று சென்ற மாதம் இந்த வலைப்பூவில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நான்கு வாசகர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். சூரியத் தகடு எத்தனை வாட் வேண்டும், எந்த வகை பேட்டரி நல்லது, சமையலுக்கு மின் அடுப்பு போதுமா என்பவை கேள்விகள். இவற்றில் எனக்கு அனுபவம் இல்லை. அனுபவம் இல்லாத பொருளில் கருத்துச் சொல்வது தொழிலிலும் எனக்கு வழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வண்டி. அதை 1978-ஆம் ஆண்டு கோடையில் மதுரையில் தயார் செய்து, ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் முறையாக வெளியே எடுத்தேன். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வண்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஐந்தாவது ஆண்டு. நான் மதுரையில் வழக்கறிஞர். ஆரப்பாளையத்தில் ஒரு கூடமும் இரண்டு அறைகளும் உள்ள வாடகை வீட்டில் பெற்றோர், அண்ணன் குடும்பம், தங்கை என எட்டுப் பேர் இருந்தோம். என் மனைவி வசந்தா சிவகங்கையில் செவிலியர். அங்கே பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். கேட்டுக்கு உள்ளே ஆண்கள் வரக் கூடாது. கணவரும் ஆண்தான் என்பதை விடுதிக் காப்பாளர் என்னிடம் நேரிலேயே தெளிவுபடுத்தியிருந்தார். வசந்தா மாதம் இரண்டு முறை மதுரைக்கு வருவாள். வந்தால் கூடத்தில் பெண்களோடு படுத்துக்கொள்வாள். நான் மொட்டை மாடியில். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்பதற்கு மேல் எங்கள் பேச்சு போனதில்லை. பஸ் ஏற்றிவிடப் போகும் பத்து நிமிட நடையில்கூடத் தங்கை துணைக்கு வருவாள்.

அந்த ஆண்டு சித்திரையோடு அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று என் தந்தை சொல்லியிருந்தார். நானும் அதையே விரும்பினேன், இதை மறைப்பதற்கில்லை. வசந்தாவிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் இல்லாம நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசணும். அதுக்கப்புறம் சொல்றேன்" என்றாள். நியாயமான கோரிக்கை. ஆனால் பேசுவதற்கு இடம் இல்லை. பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜ் முதலாளிகளில் பாதிப் பேர் வழக்குகளில் என் கட்சிக்காரர்கள், மீதிப் பேர் எதிர்க்கட்சிக்காரர்கள். சொந்த ஊரிலேயே மனைவியோடு அறை எடுக்கும் வக்கீலைப் பற்றி நீதிமன்ற வராந்தாவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே வண்டி.

தனியார் மருத்துவமனை ஒன்று கழித்துக் கட்டிய ஒன்பது வயது பெட்ரோல் வேனை ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன். வெள்ளை நிறம். இரு பக்கமும் இருந்த சிவப்புச் சிலுவையை அவர்களே சுரண்டியிருந்தார்கள். சுரண்டிய தடம் மட்டும், வெயிலில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், தெரிந்தது. இளநீல வண்ணம் பூசத் தீர்மானித்தேன். பதிவுப் புத்தகத்தில் நிறம் வெள்ளை என்று இருந்ததால், மாற்றத்துக்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன்.

மின் வேலை காளவாசலில் ஒரு பட்டறையில் நடந்தது. பட்டறைக்காரர் பெயர் இருளப்பன்; லாரிகளுக்கு வயரிங் செய்பவர். என் தேவைகளை வரிசை எண் போட்டு ஒரு முழுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வக்கீலண்ணே, ஒரே பேட்டரியில ஃபேனையும் லைட்டையும் ஓட்டுனீங்கன்னா, காலையில வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் அண்ணிதான் எறங்கித் தள்ளணும்."

"அதனால்தான் இரண்டாவது பேட்டரி கேட்கிறேன்."

"அதுவும் வேணும். ரெண்டையும் பிரிச்சு விடுறதுக்கு ஒரு சுவிட்சும் வேணும். ஆமா, இம்புட்டும் செஞ்சு எங்கண்ணே போகப் போறீக? காசிக்கா?"

சிவகங்கை ரோட்டில் ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிதேன்" என்று வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்து கொடுத்த அமைப்பு இது. இன்ஜினுக்கு உள்ள பேட்டரியைத் தொடவில்லை. பின்பக்கம் 75 ஆம்பியர்-மணி உள்ள இன்னொரு பேட்டரி. வண்டி ஓடும்போது டைனமோ இரண்டுக்கும் மின்னேற்றும். நின்றதும் கைப்பிடி வைத்த ஒரு சுவிட்சைக் கீழே இறக்கினால் இரண்டும் பிரிந்துவிடும். பஸ் ஓட்டுநர் தலைக்கு மேல் மாட்டுவார்களே, அந்தச் சின்ன மின்விசிறிக்கு இரண்டு ஆம்பியர், சிறிய குழல் விளக்குக்கு ஒரு ஆம்பியர். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஓடும். மின்னேறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும். அது தீப்பிடிக்கக் கூடியது. எனவே பேட்டரியை மூடிய மரப்பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை வண்டியின் தரை வழியே வெளியே விட்டோம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவிலேயே ஃபியூஸ். இருளப்பன் இதற்குச் சிரித்தார். நான் விடவில்லை.

மற்றவை எளியவை. கீல் வைத்த பலகைக் கட்டில், அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை, கீழே பாத்திரம் வைக்கும் அறை. மேடு பள்ளத்தில் அறைக் கதவு திறந்து எவர்சில்வர் தட்டுகள் ஊர்வலம் போகாமல் இருக்க, கொக்கியோடு ஒரு கட்டைத் தாழ். குழாய் வைத்த இருபது லிட்டர் தகர டிரம். குடிக்கும் தண்ணீருக்கு ஒரு மண்பானை. அது உருளாமல் இருக்க ஸ்கூட்டர் டயரை வட்டமாக வெட்டி அடியில் திருகியிருந்தேன். பம்ப் அடுப்பு ஒன்று, வண்டிக்கு வெளியே மட்டும் பற்றவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எல்லா ஜன்னல்களுக்கும் திரை. பேட்டரி உட்பட உள் வேலைக்கு மொத்தம் 1,460 ரூபாய். எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழின் மெய்யொப்பமிட்ட நகல் ஒன்றையும் வண்டியில் வைத்தேன். போலீஸார் யாராவது திரையை விலக்கிக் கேட்டால் காட்டலாம் அல்லவா?

மார்ச் முடிந்தது. நிற மாற்றத்துக்கு அனுமதி வரவில்லை.

"பெயிண்ட்ட அடிச்சுத் தள்ளுங்கண்ணே, எவன் கேக்கப் போறான்?" என்றார் இருளப்பன். வசந்தாவும் கடிதத்தில் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதியிருந்தாள். கேட்கிறார்களா என்பது கேள்வி அல்ல. கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா என்பதே கேள்வி என்று இருவருக்கும் சொன்னேன். வண்டி வெள்ளையாகவே புறப்பட்டது.

ஞாயிறு காலை 6.20-க்கு ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பினோம். முந்தின நாளே வசந்தா வந்திருந்தாள். மாலை 6 மணிக்குள் அவளைச் சிவகங்கை விடுதியில் விட வேண்டும். மொத்தத் தொலைவு 47 கிலோமீட்டர். நடுவே பத்து மணி நேரம் எங்களுடையது. வீட்டில் யாரும் உடன் வருகிறேன் என்று சொல்லாமல் இருக்க, வண்டியைச் சோதித்துப் பார்க்கப் போவதாகவும் வழியில் நின்றுபோனாலும் போகலாம் என்றும் சொல்லியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

வண்டியூர் தெப்பக்குளத்தில் 6.45-க்கு நிறுத்தி டீ குடித்தோம். குளத்தில் தண்ணீர் இல்லை. பையன்கள் உள்ளே இறங்கி மட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் பக்கத்தில் யாரும் இல்லாமல் அவளோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவள் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல எடுப்பது போலத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து நான் சுவிட்சைப் பற்றி ஆரம்பித்தேன். எது இன்ஜினுக்கு, எது விசிறிக்கு, எப்போது இறக்க வேண்டும், ஏன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். வரிச்சியூர் வரும்வரை டைனமோவும், அதைத் தாண்டியும் ஃபியூஸும் ஓடின. பேச்சு என்றால் பந்தல் போட்டு, இடம் பார்த்து, உட்கார்ந்துதான் தொடங்க வேண்டும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வரிச்சியூரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில், ரோட்டிலிருந்து அரை பர்லாங் உள்ளே ஒரு கண்மாய். மடைக்குப் பக்கத்தில் இரண்டு புங்க மரங்கள். 7.40-க்கு நிறுத்தினேன். கண்மாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மீதி இருந்தது. அதில் நாரைகள் நின்றன. சுவிட்சை இறக்கி விசிறியைப் போட்டேன், ஓடியது. வசந்தா வெளியே அடுப்பைப் பற்றவைத்து உப்புமா கிண்டினாள். சாப்பிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தோம். விசிறிக் காற்றில் அவள் நெற்றி மயிர் பறந்தது. ஐந்து ஆண்டில் முதல் முறையாக அவள் என் தோளில் சாய்ந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஊசி போடுற வண்டியாங்க?"

கரையில் சைக்கிளோடு ஒரு ஆள் நின்றிருந்தார். இல்லை, தனியார் வாகனம் என்றேன். அவர் வண்டியின் பக்கவாட்டில் பழைய சிலுவைத் தடத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், திரைகளைப் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்ததைவிட வேகமாகப் போனார்.

நெருக்கடி நிலை முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம், ஆள் பிடிக்கும் வண்டி என்று கிராமங்களில் அப்போது உலவிய பேச்சு கொஞ்சநஞ்சம் அல்ல. கால் மணி நேரத்தில் எதிர்க் கரையில் ஐந்தாறு ஆண்கள் பனைமரங்களுக்கு இடையே ஓடுவதைப் பார்த்தோம். அதற்குப் பின்னால், அதே ஊரிலிருந்து, பெண்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"எங்க வீட்டாளு வேட்டிய அக்குள்ல இடுக்கிக்கிட்டு ஓடுறத பாத்தீகளா?" என்று முன்னால் வந்த பெண் சிரித்தாள். "பயமே இல்லாத மனுசனாம், பட்டாளத்துல சேரப் போறேம்பான்."

"ஏத்தா, ஒன் புருசன எவ வந்து புடிக்கப் போறா? குடுத்தாலும் வேணாம்பாக" என்றாள் பின்னால் வந்தவள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி நின்று, இது அரசு வண்டி அல்ல, மருத்துவமனை வண்டியும் அல்ல, இதோ பதிவுப் புத்தகம் என்று எடுத்துக் காட்டினேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும் டிரைவரு. உள்ள இருக்கது நர்ஸம்மாதான?"

வசந்தா அன்று சாதாரணச் சேலைதான் கட்டியிருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு பெண் இடுப்பில் இருந்த குழந்தையின் காலைத் தூக்கிக் காட்டினாள். முள் குத்திச் சீழ் வைத்திருந்தது. அவர்களுக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் வசந்தா அதைப் பார்த்த பார்வையிலேயே தீர்ந்திருக்க வேண்டும்.

நான் அவளைத் தனியே அழைத்து, மருத்துவமனைக்கு வெளியே சிகிச்சை அளிப்பதில் உள்ள சட்டப் பொறுப்பை மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னேன்.

"காயத்தைக் கழுவுறதுக்கு எந்தச் சட்டம் குறுக்க வருது? அடுப்பப் பத்தவைங்க. தண்ணி கொதிக்கணும்" என்றாள்.

பற்றவைத்தேன். அதன்பின் மதியம் இரண்டு மணி வரை நான் டிரைவராகவே இருந்தேன். டிரம்மில் இருந்த இருபது லிட்டரும் பத்தரை மணிக்கே தீர்ந்துபோனது. ஊர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். வசந்தா புண் கழுவிக் கட்டினாள். திரைத் துணிகளில் மூன்று கட்டுத்துணி ஆயின. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு ஆற வைத்த வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தாள். தன்னால் ஆகாதவற்றுக்கு, எந்த நாள், எங்கே, யாரைக் கேட்டு வர வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். வரிசையில் யார் முந்தியது என்று இரண்டு பெண்களுக்குள் சண்டை வந்தபோது என்னைத்தான் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். அன்று நான் செய்த தொழில் அது ஒன்றே.

"எம்புட்டு நேரமா நிக்கிறேன், ஒங்க டிரைவரு என்னைய விட்டுட்டு அவள அனுப்புறாரு" என்று ஒரு மூதாட்டி வசந்தாவிடம் புகார் சொன்னார்.

"அவரு அப்படித்தான் ஆத்தா. எதையும் யோசிச்சு யோசிச்சுத்தான் செய்வாரு" என்றாள் வசந்தா, என்னைப் பார்க்காமல்.

ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். எங்களுக்கு மீதி இருந்தது ஆறு மணி நேரமானது, ஐந்தானது, நான்கானது. அவளுடைய கைகள் அவ்வளவு விரைவாக இயங்கும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அந்தக் கைகள் தயங்கித் தயங்கி டம்ளர் எடுப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் கலைந்தது என்று நினைத்த நேரத்தில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் தாய் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். இருபது வயது இருக்கும். இரண்டு கால்களும் முகமும் வீங்கியிருந்தன. தலைவலி தாங்க முடியவில்லை, கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். வசந்தா அவள் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. வசந்தா என் பக்கம் திரும்பினாள்.

"இவள இப்பவே கொண்டு போகணும்."

மூன்று மணி வரை காத்திருந்தால் ரோட்டில் பஸ் வரும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன் என்பது உண்மை. கட்டிலில் அந்தப் பெண்ணை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தோம். தாய் தரையில் உட்கார்ந்தாள். வசந்தா பின்னாலேயே, அவள் தலைமாட்டில். விசிறியைக் கீழே திருப்பி வைத்தேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாமல், 2.20-க்குப் புறப்பட்டேன். குலுங்கக் கூடாது என்று வசந்தா சொன்னதால் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. படமாத்தூர் தாண்டும்போது பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது.

"ஏம்மா, ஒனக்குக் கலியாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு."

"வீட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"மதுரையில" என்றாள் வசந்தா.

3.50-க்குச் சிவகங்கையில் மருத்துவமனை வாசலை அடைந்தோம். டாக்டரை அழைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, சேர்த்து, ஊசி போட்டு முடிய 5.40 ஆனது. விடுதிக் கேட் எதிரே வண்டியை நிறுத்தியபோது 5.48. பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவள் முன் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

"இன்னைக்குப் பார்த்ததுக்கு அப்புறம் கேக்கிறது சரியா இருக்காதுன்னு பட்டுது."

அவள் மடியில் இருந்த துண்டை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். "காலையில தெப்பக்குளத்துல டீ குடிச்சோம்ல, அப்பக் கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். ராத்திரி பூராம் அதைச் சொல்லணும்னுதான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

கேட்டில் காவலாளி கதவின் ஒரு பாதியைச் சாத்தினார்.

"இப்ப கேட்டா?"

"இப்ப கேக்காதீங்க" என்றாள். "அந்தப் புள்ளைக்குக் காலையில பிரஷர் பாக்கணும்." இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, "பாத்துப் போங்க. வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் ஆண் குழந்தை பிறந்தது, இருவரும் பிழைத்தார்கள். திங்கட்கிழமை என் தந்தையிடம் வசந்தா வேலையை விடப்போவதில்லை என்று நானே சொன்னேன். இது உன் முடிவா அவள் முடிவா என்று கேட்டார். என் முடிவு என்றேன். அவர் என்னோடு சில மாதங்கள் பேசவில்லை. மதுரைக்கு மாற்றல் கிடைக்க அதன்பின் நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும், பெரும்பாலும் மாதம் இரண்டு ஞாயிறு, அந்த வண்டிதான் எங்கள் வீடு. நிற மாற்றத்துக்கு அனுமதி ஜூன் மாதம் வந்தது. நீல வண்ணம் பூசினேன். அதன்பின் நாங்கள் நின்ற இடங்களில் யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வசந்தா மட்டும் அவ்வப்போது ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பாள்.

இப்போது வண்டி அமைக்கப் புறப்படும் வாசகர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவை சிலவே. இன்ஜின் பேட்டரியை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு இருபது லிட்டர் தண்ணீர் இரண்டு பேருக்குப் போதும்; மூன்றாவது ஆள் வந்தால் போதாது. அடுப்பை உள்ளே பற்றவைக்க வேண்டாம். வண்டியில் என்ன மாற்றம் செய்தாலும் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுங்கள். அந்தக் கருத்தை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. உடன் வருபவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருந்தால், முதல் டீக்கடையிலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் பிறகு தெரிந்துகொள்ளலாம்.